அடைக்கலமும் எல்லைக் கோடும்



நாட்டை விட்டு ஓடி வந்தவரைக் குறிக்க நம் மொழியில் இரண்டு சொற்கள் வழங்குகின்றன. ஒன்று 'அகதி'. கதியற்றவர் என்பது அதன் பொருள். மற்றொன்று 'ஏதிலி'. பழந்தமிழில் ஏதிலார் என்றால் அயலார், உறவில்லாதவர் என்று பொருள். முதற்சொல் வந்தவருடைய நிலையைச் சொல்லுகிறது. இரண்டாவது சொல், இருந்தவர் அவரைப் பார்க்கும் பார்வையைச் சொல்லுகிறது. இவ்விரண்டினும் வேறான மூன்றாவது சொல் ஒன்றும் உண்டு. 'அடைக்கலம்' என்பது அது. சிலப்பதிகாரத்தில் அடைக்கலக் காதை என்றே ஒரு காதை இருப்பதை நீங்கள் படித்திருப்பீர்கள். கவுந்தியடிகள் கண்ணகியை மாதரி என்னும் இடைக்குல மூதாட்டியிடம் ஒப்படைக்கிறார். பின்னர் அந்த அடைக்கலத்தைக் காக்க இயலாமற் போன துயரத்தால் மாதரி தீயில் விழுந்து உயிர் துறந்தாள் என்று அக்காப்பியம் கூறுகிறது. அடைக்கலம் பெற்றவருக்கு உள்ள உரிமையைவிட, அடைக்கலம் தந்தவருக்கு உள்ள கடமையே பெரிது என்று நம் முன்னோர் கருதினர் என்பது இதனால் விளங்கும்.

இவ்வுயர்ந்த கருத்து அரசியலில் எந்த அளவுக்கு நின்றது, எங்கே சறுக்கியது, இன்று நம் நாட்டில் எந்நிலையில் உள்ளது என்பதை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வதே இப்பேச்சின் நோக்கம். தொலைவில் சென்று சான்று தேட வேண்டுவதில்லை. நான் வாழும் திமிரி, ஆர்க்காட்டுக்கும் ஆரணிக்கும் இடையில் உள்ள ஒரு சிற்றூர். 1751-ஆம் ஆண்டில் ஆர்க்காட்டைப் பிடித்த கிளைவ், திமிரிக் கோட்டையை நோக்கியும் படை நடத்தினார் என்பது வரலாறு. படைகள் மாறி மாறி நடந்த மண் இது. படை நடந்த மண்ணில் மக்கள் ஓடியும் இருப்பர் அல்லவா?

அவ்வாறு ஓடியவர்களுள் ஓர் அரச குடும்பமே இருந்தது. 1740-ஆம் ஆண்டு மே மாதத்தில், மராத்தியத் தளபதி ரகூஜி போன்ஸ்லேயின் படை தாமல்செருவுக் கணவாயில் ஆர்க்காட்டு நவாபு தோஸ்து அலியை வென்று கொன்றது. நவாபின் மனைவியும் குடும்பத்தாரும், அவருடைய மருமகன் சந்தா சாகிபின் மனைவி மக்களும் தங்கள் பொருள்களுடன் புதுச்சேரியை நோக்கி விரைந்தனர். அப்போது அங்கே பிரெஞ்சுக் கவர்னராக இருந்தவர் துய்மா. வாயிலில் வந்து நிற்பவரை உள்ளே விட்டால் மராத்தியரின் பகை வரும். விடாவிட்டால் பழி வரும். துய்மா தம் ஆலோசனைச் சபையாரைக் கலந்து, வாயிலைத் திறந்துவிட்டார். அடுத்த ஆண்டில் திருச்சிராப்பள்ளி வீழ்ந்து, சந்தா சாகிபும் சிறைப்பட்ட பின்னர், அவர் மனைவியையும் மகனையும் செல்வத்தையும் ஒப்படைக்குமாறு ரகூஜி வற்புறுத்தினார். துய்மா மறுத்துவிட்டார். படை வந்து சூழுமோ என்ற அச்சம் இருந்தும் அடைக்கலம் புகுந்தவரைக் கைவிடவில்லை.

துய்மா இதனை இரக்கத்தால் மட்டும் செய்தார் என்று நான் சொல்ல மாட்டேன். கருநாடகத்து அரசியலில் பிரெஞ்சுக்காரருக்குச் செல்வாக்குத் தேடும் எண்ணமும் அதில் இருந்தது. ஆயினும் இங்கே நாம் குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி ஒன்றுண்டு. வாயிலைத் திறப்பது அடைக்கலத்தின் முதற்பாதிதான். துரத்தி வந்தவன் கேட்கும்போது திருப்பிக் கொடாமல் இருப்பதே அதன் மறுபாதி. இன்று உலகச் சட்ட அறிஞர்கள் அகதிகளைப் பற்றிப் பேசும்போது, உயிருக்கு ஆபத்துள்ள இடத்துக்கு ஒருவரைத் திருப்பி அனுப்பலாகாது என்னும் நெறியையே அடிப்படை நெறியாகக் கொள்கின்றனர். அச்சட்டம் எழுதப்படுவதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே, நம் ஆர்க்காட்டுக் குடும்பம் ஒன்றின் பொருட்டு அந்நெறி காக்கப்பட்டது.

இனி வேலூருக்கு வருவோம். 1815-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் கண்டி இராச்சியத்தைக் கைப்பற்றி, அதன் கடைசி மன்னரான ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனைச் சிறைப்பிடித்தனர். அடுத்த ஆண்டில் அவரை வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவந்து வைத்தனர். 1832-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள் அவர் அங்கேயே இறந்தார். பாலாற்றங்கரையில் உள்ள முத்துமண்டபம் அவருடைய நினைவாக நிற்கிறது. அவர் அகதி அல்லர், அரசியற் கைதி. ஆயினும் அவரைப் பற்றி இங்கே கூறுவதற்குக் காரணம் உண்டு. 1815 மார்ச் மாதத்தில் எழுதப்பட்ட கண்டி ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு, மன்னருடைய உறவினராகிய ஆண்கள் எவரும் எழுத்து மூலமான அனுமதியின்றிக் கண்டி நாட்டுக்குள் நுழையலாகாது என்றும், அங்கிருந்து வெளியேற்றப்பட்ட 'மலபார்' ஆண்கள் திரும்பி வரலாகாது என்றும், மீறினால் இராணுவச் சட்டப்படி தண்டனை என்றும் விதித்தது. மலபார் என்று ஆங்கிலேயர் அன்று குறித்தது தமிழரை. பாக்கு நீரிணையின் இரு கரைக்கும் இடையே, மக்களை இனத்தால் பிரித்து எழுத்தில் எழுப்பிய வேலிகளுள் இதுவும் ஒன்று.

இதே ஆங்கிலேயர் சில ஆண்டுகளுக்குள் கண்டி மலைகளிற் காப்பித் தோட்டங்கள் வைத்தபோது, அதே தமிழரை ஆயிரக்கணக்கில் அழைத்துச் சென்றனர் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மன்னனுடைய உறவினனாக வந்தால் தடை. கூலியாளாக வந்தால் வரவேற்பு! பிற்காலத்தில் காப்பிக்குப் பதில் தேயிலை வந்தது. 1914-ஆம் ஆண்டில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடலாயிற்று. இராமேசுவரத்துக்கு இப்பால் உள்ள மண்டபத்தில் ஒரு முகாம் அமைத்து, இலங்கைத் தோட்டங்களுக்குச் செல்லும் தொழிலாளரை அங்கே தங்கவைத்து, நோய் இல்லை என்று கண்ட பிறகே அனுப்பினர். மண்டபம் முகாம் என்னும் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அது மீண்டும் வரும்.

1948-ஆம் ஆண்டில் இலங்கை விடுதலை பெற்றது. அவ்வாண்டிலேயே நிறைவேறிய குடியுரிமைச் சட்டத்தால், தலைமுறை தலைமுறையாகத் தேயிலை பறித்து வந்த மலையகத் தமிழருள் மிகப் பெரும்பாலோர் எந்த நாட்டுக்கும் உரிமையற்றவர் ஆயினர். 1964 அக்டோபர் 30-ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டனர். ஏறத்தாழ 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது. 3,00,000 பேரை இலங்கை ஏற்பது. எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர்ப் பார்த்துக்கொள்வது என்று முடிவாயிற்று. 1974-இல் அந்த எச்சத்தையும் ஆளுக்கு 75,000 என்று பங்கிட்டனர். நிலத்தைப் பங்கிடுவது உண்டு. நீரைப் பங்கிடுவது உண்டு. மக்களைத் தலையெண்ணிப் பங்கிட்ட ஒப்பந்தம் இது. அம்மக்களுடைய கருத்தை எவரும் கேட்கவில்லை.

இவ்வாறு வந்தவர்களுக்கு 'தாயகம் திரும்பியோர்' என்று பெயர். அவர் எண்ணிக்கை நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டது. பர்மாவில் 1962-இல் நே வின் ஆட்சியைப் பிடித்துக் கடைகளையும் வணிகத்தையும் அரசுடைமையாக்கிய பின்னர் வந்த தமிழருக்கும் இதே பெயர்தான். சென்னைக் கடற்கரைச் சாலையிலுள்ள பர்மா பஜாரும், நீலகிரியில் 1968-இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டங்களும் அவர்களுடைய மறுவாழ்வுக்காக ஏற்பட்டவை. தாயகம் திரும்பியவர் துன்பப்படவில்லை என்று எவரும் கூறார். ஆனால் அவர்கள் கையில் இந்திய நாட்டுரிமைத் தாள் இருந்தது. நிலம் வாங்கலாம், வாக்களிக்கலாம், அரசு வேலைக்கு விண்ணப்பிக்கலாம். அகதிக்கும் தாயகம் திரும்பியவருக்கும் உள்ள வேறுபாடு அந்த ஒரு தாள்தான்.

மாணவர்களே, அடுத்து வருவது உங்கள் பெற்றோரும் நாங்களும் கண்ணாரக் கண்ட வரலாறு. 1983 ஜூலையில் இலங்கையில் தமிழருக்கு எதிராகப் பெருங்கலவரம் மூண்டது. தோணிகளிலும் மீன்பிடி படகுகளிலும் மக்கள் இராமேசுவரக் கரைக்கு வந்தனர். 1987 ஜூலையில் இந்திய இலங்கை ஒப்பந்தம் ஏற்படும் வரையில் வந்தவர் 1,34,053 பேர். 1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டதும் இரண்டாம் அலை எழுந்தது. 1,20,000 பேருக்கு மேல் வந்தனர். 1996-க்குப் பின் மூன்றாவது அலையும், 2006-க்குப் பின் நான்காவது அலையும் எழுந்தன. மொத்தத்தில் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தனர். வந்தவர்களை முதலில் தங்கவைத்த இடம் எது? மண்டபம் முகாம். பாட்டனைத் தோட்டத்துக்கு அனுப்பும் முன் நோய் பார்த்த அதே முகாம், பேரனை அகதியாகப் பதிவு செய்துகொண்டது.

அங்கிருந்து அவர்கள் தமிழ்நாடெங்கும் பிரித்து அனுப்பப்பட்டனர். எங்கள் தோல் தொழில் வட்டாரத்துக்கும் வந்தனர். வேலூரை அடுத்த மேல்மொணவூரிலும், ஆம்பூரை அடுத்த மின்னூரிலும், சின்னப்பள்ளிகுப்பத்திலும் முகாம்கள் எழுந்தன. பத்தடிக்குப் பத்தடி அறை ஒரு குடும்பத்துக்கு. மாதந்தோறும் அரசு கொடுக்கும் உதவித்தொகை, அரிசி, குறித்த நாளில் அதிகாரிகள் முன் நேரில் நின்று கணக்குக் கொடுத்தல். ஆடவர் பெரும்பாலும் சுவருக்கு வண்ணம் பூசும் வேலைக்கும் கட்டட வேலைக்கும் சென்றனர். வந்தவர்கள் தாங்களே தங்களைத் தூக்கி நிறுத்தவும் முயன்றனர். தந்தை செல்வா எனப்படும் செல்வநாயகத்தின் மகனார் சந்திரகாசன் 1984-இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், முகாம்தோறும் மாலைப் பள்ளிகள் நடத்திப் பிள்ளைகளின் கல்வி அறுந்துபோகாமல் காத்தது.

நான் தலைமையாசிரியனாக இருந்த காலத்தில் முகாம்ப் பிள்ளைகள் சிலர் என் பள்ளியில் பயின்றனர். மாற்றுச் சான்றிதழில் நாட்டினம் என்று ஒரு கட்டம் உண்டு. மற்றப் பிள்ளைகளுக்கு அதில் 'இந்தியர்' என்று எழுத ஒரு நொடி ஆகாது. ஒரு முறை, மேல்நிலைப் படிப்பு முடித்த மாணவி ஒருத்தியின் சான்றிதழுக்காக அவளுடைய பாட்டனார் வந்திருந்தார். அவர் மலையகத் தோட்டத்திற் பிறந்தவர். 1977-ஆம் ஆண்டுக் கலவரத்தில் தோட்டத்தை விட்டு வவுனியாவுக்கு ஓடியவர். 1990-இல் கடல் கடந்து இங்கே வந்தவர். தம் தந்தையின் ஊர் துறையூர்ப் பக்கம் என்றார். "இந்தக் கட்டத்தில் என்ன எழுதப் போகிறீர்கள், ஐயா?" என்று கேட்டார். இலங்கை அகதி என்று எழுதுவதே விதி என்றேன். "அங்கே எங்களை இந்தியாக்காரன் என்றார்கள். இங்கே சிலோன்காரன் என்கிறீர்கள். இந்தப் பிள்ளை இரண்டு இடத்தையும் பார்த்ததில்லை, முகாமைத்தான் பார்த்திருக்கிறாள்," என்று சொல்லிவிட்டு, சான்றிதழை மடிக்காமல் ஓர் அட்டைக்குள் வைத்து எடுத்துச் சென்றார்.

அம்முதியவர் கேட்டது உணர்ச்சி வசப்பட்ட கேள்வி அன்று; சட்டக் கேள்வி. அதற்கு விடை காண நம் நாட்டுச் சட்டத்தைச் சற்றுப் பார்க்க வேண்டும்.

இரண்டாம் உலகப் போருக்குச் சற்று முன்னர், 1939-இல், 937 பயணிகளுடன் 'செயின்ட் லூயி' என்னும் கப்பல் ஜெர்மனியிலிருந்து கியூபாவுக்குச் சென்றது. பயணிகளில் மிகப் பெரும்பாலோர் இட்லரின் கொடுமைக்குத் தப்பிய யூதர். கியூபா இறங்கவிடவில்லை; அமெரிக்காவும் இடங்கொடுக்கவில்லை. கப்பல் ஐரோப்பாவுக்கே திரும்பிற்று. அதில் சென்றவர்களுள் 254 பேர் பின்னர் நாஜிகளின் கொடுமைக்கு இரையாயினர். எல்லையை மூடிய அதிகாரி எவரும் அங்கே சட்டத்தை மீறவில்லை என்பதுதான் இச்செய்தியில் நெஞ்சைச் சுடுவது. இத்தகைய நிகழ்ச்சிகளைக் கண்ட உலகம், 1948-ஆம் ஆண்டு மனித உரிமைப் பேரறிக்கையின் 14-ஆம் பிரிவில் புகலிடம் நாடும் உரிமையைக் கூறிற்று. 1951-இல் ஜெனிவாவில் அகதிகள் உடன்படிக்கையை வகுத்தது. 1967-இல் அதற்கொரு பின்னிணைப்பையும் சேர்த்தது. இந்தியா இவ்வுடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கெனத் தனிச் சட்டம் எதுவும் இயற்றவும் இல்லை.

அதனால் இந்தியா அகதிகளை விரட்டிற்று என்று எண்ணிவிடலாகாது. 1959-இல் திபெத்தியருக்கு இடமளித்தது. 1971-இல் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்த ஏறத்தாழ ஒரு கோடி மக்களைத் தாங்கிற்று. உடன்படிக்கையிற் கையெழுத்திட்ட எத்தனையோ செல்வ நாடுகள் செய்யாத செயல் இது. ஆனால் சட்டம் இல்லாத இடத்தில் கருணை மட்டுமே ஆளுகிறது. கருணைக்கு ஒரு குறை உண்டு: அது ஆளுக்கு ஆள், காலத்துக்குக் காலம் மாறும். திபெத்தியருக்குக் கருநாடக மாநிலத்தில் நிலங்கொடுத்துக் குடியேற்றங்கள் அமைத்தனர். இலங்கைத் தமிழருக்கு முகாம்களே கிடைத்தன. 2019-ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்த சில சமயத்தாருக்கு வழி திறந்தது. இலங்கை அதில் இடம்பெறவில்லை.

காலத்தாலும் கருணை மாறிற்று. 1991 மே 21-ஆம் நாள் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். சென்னைக்கும் எங்கள் ஊர்ப் பக்கத்துக்கும் இடைவழியில் உள்ள ஊர் அது. அக்கொடுஞ்செயலுக்குப் பின் முகாம்களின் மீது ஐயப்பார்வை விழுந்தது. தொழிற்கல்லூரிகளில் அகதி மாணவருக்கு இருந்த இடங்கள் நிறுத்தப்பட்டன. பல ஆண்டுகள் கழித்தே அக்கதவு மெல்லத் திறந்தது. 1992 முதல் 1995 வரையில் ஏறத்தாழ 54,000 பேர் இலங்கைக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். அவர்கள் மனமொப்பிச் செல்கிறார்களா என்ற வினா உயர் நீதிமன்றம் வரை சென்றது. 1992-இல் ஐக்கிய நாடுகள் அகதிகள் ஆணையம் சென்னையில் அலுவலகம் திறந்து, செல்பவரின் விருப்பத்தைக் கேட்டறியத் தொடங்கிற்று.

இங்கே மறுபக்கத்தையும் நேர்மையாகக் கூறவேண்டும். ஓர் அரசு தன் எல்லையைக் காப்பது குற்றமன்று, கடமை. வேலூர்க் கோட்டையிலேயே, விடுதலைப் புலிகள் எனக் கருதப்பட்டோரை வைத்திருந்த சிறப்பு முகாமிலிருந்து, 1995 ஆகஸ்டில் 43 பேர் சுரங்கம் தோண்டித் தப்பிச் சென்றனர். அச்செய்தி எங்கள் மாவட்டத்தையே உலுக்கிற்று. ஆயுதம் தாங்கியவனும், ஆயுதத்துக்கு அஞ்சியவனும் ஒரே தோணியில் வருதல் கூடும். ஆகவே பதிவும் விசாரணையும் காவலும் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் விசாரணையின் பயன் என்ன? இருவரையும் பிரித்தறிவதுதானே? பிரித்தறிந்த பின்னும் அஞ்சி வந்தவரை ஐயத்துக்குரியவராகவே நாற்பது ஆண்டுகள் வைத்திருப்போமாயின், விசாரணை தன் வேலையைச் செய்யவில்லை என்றுதான் பொருள்.

சட்டமோ இருவரையும் பிரிக்கவில்லை. 1946-ஆம் ஆண்டு வெளிநாட்டினர் சட்டத்தின் கண்ணில் சுற்றுலா வந்தவரும் ஒன்று, உயிர் பிழைக்க வந்தவரும் ஒன்று. தாம் வெளிநாட்டவர் அல்லர் என்று மெய்ப்பிக்கும் சுமையும் அவர் தலைமேலேயே இருந்தது. 2003-ஆம் ஆண்டுத் திருத்தம் உரிய தாள்களின்றி வந்தவரைச் சட்டத்துக்குப் புறம்பாகக் குடிபெயர்ந்தவர் என்று குறித்து, அவர் குடியுரிமை பெறும் வழியை அடைத்தது. குண்டு விழும்போது கடவுச்சீட்டுக் கேட்டு வரிசையில் நிற்க எவரால் இயலும்? இங்கே பிறந்த பிள்ளைகளுக்கும் ஒரு தேதியே எல்லைக் கோடாக நிற்கிறது. 1987 ஜூலை 1-ஆம் நாளுக்கு முன் இந்திய மண்ணிற் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகனாவார். அதற்குப் பின் பிறந்தவருக்குப் பெற்றோரின் உரிமையும் பார்க்கப்படும். 1986-இல் மண்டபம் முகாமிற் பிறந்த ஒரு பெண்மணிக்குக் கடவுச்சீட்டு வழங்குமாறு சென்னை உயர் நீதிமன்றம் 2022-இல் ஆணையிட்டது; 2024-ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் அவர் முதன்முறையாக வாக்களித்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து அதே முகாமிற் பிறந்த குழந்தைக்கு அந்த வழி இல்லை.

எல்லாரினும் இரங்கத் தக்கவர், என்னிடம் வந்த முதியவரைப் போன்ற மலையகத்தார். இந்தியா ஏற்றுக்கொள்வதாக 1964-இல் வாக்களித்த மக்களின் வழியினர் அவர்கள். அவ்வொப்பந்தப்படி சிலர் விண்ணப்பித்துக் காத்திருந்தனர். கப்பல் 1984-இல் நின்றுபோயிற்று. பின்னர்த் தோணியில் அகதியாக வந்து சேர்ந்தனர். குடிமகனாக வரவேண்டியவர் அகதியாக வந்தார். முகாம்வாசிகளான இத்தகையோர் 65 பேர் தொடுத்த வழக்கில், 2019 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, அவர்களை வெறுமனே சட்டத்துக்குப் புறம்பானவர் என்று தள்ளிவிடலாகாது. அவர்களுடைய குடியுரிமை விண்ணப்பத்தை அரசு ஆராய வேண்டும் என்று தீர்ப்பளித்தது. சட்டப் புத்தகத்தில் இல்லாத இரக்கத்தை நீதிமன்றங்கள் அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவிலிருந்து எடுத்தளித்தன. உயிர்வாழும் உரிமை குடிமகனுக்கு மட்டுமன்று, இம்மண்ணில் நிற்கும் ஒவ்வொரு மனிதருக்கும் உண்டு என்று 1996-இல் சக்மா மக்களின் வழக்கில் உச்ச நீதிமன்றமே உரைத்தது.

அதே உச்ச நீதிமன்றத்தில், 2025 மே மாதத்தில், தண்டனை பெற்று விடுதலையான இலங்கைத் தமிழர் ஒருவர் தம்மை நாடு கடத்தலாகாது என்று வேண்டியபோது, உலகெங்கிலுமிருந்து வரும் அகதிகளை ஏற்க இந்தியா தர்ம சத்திரம் அன்று என்று நீதிபதிகள் வாய்மொழியாகக் குறிப்பிட்டனர். அக்கூற்றைப் பற்றி அப்போது பலரும் பேசினர். நான் ஒன்று மட்டும் கூறுவேன். ஆர்க்காட்டுச் சீமையில் வழிநெடுகிலும் சத்திரங்கள் இருந்தன. சத்திரத்தின் இயல்பு என்ன? வந்தவர் இரவு தங்குவார், உண்பார், விடிந்ததும் புறப்படுவார். புறப்படுவதற்கு அவருக்கு ஓர் ஊர் உண்டு. ஒரே இடத்தில் நாற்பது ஆண்டு தங்கி, அங்கேயே பிள்ளை பெற்று, பேரனையும் பள்ளிக்கு அனுப்புகிறவரைச் சத்திரத்து வழிப்போக்கர் என்று எவரும் சொல்ல மாட்டார். இந்தியா சத்திரமா, அன்றா என்பது அவர்களைப் பொறுத்தவரை வினாவே அன்று. அவர்கள் வந்து தங்கி முடிந்தது. இனி அவர்களை எந்தப் பெயரால் அழைப்பது என்பதே வினா.

நல்ல மாற்றங்களும் நிகழ்ந்துள்ளன. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு, அகதிகள் முகாம் என்னும் பெயரை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று மாற்றிற்று; 317 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட திட்டங்களையும் அறிவித்தது. அப்போது முகாம்களில் ஏறத்தாழ 58,000 பேரும், வெளியே பதிவு பெற்று 34,000 பேரும் வாழ்ந்துவந்தனர். சிதைந்த 7,469 வீடுகளுக்குப் பதிலாகப் புதியன கட்டும் பணிக்கு அவ்வாண்டு நவம்பர் 2-ஆம் நாள் மேல்மொணவூரில் அடிக்கல் நாட்டப்பட்டது. கட்டி முடிந்த 1,591 வீடுகள் 2023 செப்டம்பரில் அதே மேல்மொணவூரில் திறந்துவைக்கப்பட்டன. வேலூர் வட்டாரத்து ஊர்ப்பெயர் ஒன்று இவ்வாறு இவ்வரலாற்றில் இடம்பெற்றதில் எங்களுக்கு மகிழ்ச்சியே. ஆயினும் வீட்டின் சுவர் உறுதியானதே ஒழிய, உள்ளே வாழ்பவரின் நிலை உறுதியாகவில்லை. அவ்வீட்டுக்கு உரியவர் இந்நாட்டுக்கு உரியவர் என்று எழுதிய தாள் இன்னும் அவர் கையில் இல்லை.

2025-இல் பழைய 1946-ஆம் ஆண்டுச் சட்டத்தையும் அதனைச் சார்ந்த பிறவற்றையும் நீக்கிப் புதிய குடியேற்ற, வெளிநாட்டினர் சட்டம் செப்டம்பர் 1-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அதனுடன் வெளியிட்ட ஆணையில், 2015 ஜனவரி 9-ஆம் நாள் வரையில் இங்கே புகலிடம் பெற்றுப் பதிவு செய்துள்ள இலங்கைத் தமிழர், தாள் இல்லாமைக்காகத் தண்டிக்கப்பட மாட்டார் என்று மைய அரசு விலக்களித்தது. இது சிறிய செய்தி அன்று. இரவில் கதவு தட்டப்படுமோ என்ற அச்சம் ஒன்று குறைந்தது. ஆனால் தண்டனை இல்லை என்பது வேறு. உரிமை உண்டு என்பது வேறு. 2022-இல் இலங்கையிற் பஞ்சம் போன்ற நிலை ஏற்பட்டபோது குழந்தைகளுடன் தோணியேறி வந்து, தனுஷ்கோடிக்கு அப்பால் மணல் திட்டுகளில் இறக்கிவிடப்பட்டுத் தவித்தவர்கள் அந்தத் தேதிக்குப் பின் வந்தவர்கள். அவர்களுக்கு இவ்விலக்கும் பொருந்தாது.

மாணவ நண்பர்களே, உங்களுள் நாளைக்கு வழக்கறிஞராகவும் அதிகாரியாகவும் சட்டமன்ற உறுப்பினராகவும் வரப்போகிறவர்கள் இருக்கிறீர்கள். யார் அகதி, யார் அல்லர் என்று ஆராய்வதற்கு ஒரு முறை. ஆராய்ந்து முடிப்பதற்கு ஒரு காலவரை. அகதி என்று கண்டவருக்கு வேலை, கல்வி, நடமாட்டம் ஆகியவற்றில் இன்னின்ன உரிமை என்னும் வரையறை. இத்தனை ஆண்டு வாழ்ந்தவர் குடியுரிமை கேட்கலாம் என்னும் விதி. இந்நான்கும் அடங்கிய ஒரு சட்டம் நம் நாட்டுக்கு வேண்டும். அச்சட்டம் இருந்தால் எல்லை காப்பவருக்கும் வேலை எளிதாகும். தஞ்சம் புகுந்தவருக்கும் தம் நாளை தெரியும். துய்மாவைப் போன்ற ஒரு கவர்னர் அன்று வாயிலில் இருந்தார் என்பது அந்த நவாபு குடும்பத்தின் நற்பேறு. வந்து நிற்பவரின் உயிர், வாயிலில் இருப்பவர் யார் என்னும் நற்பேற்றை நம்பி இருத்தல் ஆகாது.

அதுவரையில், பள்ளியில் உங்கள் பக்கத்திருக்கையில் முகாமிலிருந்து வரும் பிள்ளை ஒருவர் அமர்ந்திருக்கக் கூடும். அவருடைய பேச்சில் சில சொற்கள் வேறாக ஒலிக்கும். அவருடைய பாட்டனாரிடம் கேட்டால், எந்த வரலாற்றுப் புத்தகத்திலும் இல்லாத நூறாண்டுச் செய்தி அவரிடம் இருக்கும். கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அம்முதியவர்கள் ஒவ்வொருவராக மறைந்து வருகிறார்கள்.